மணம் முடிக்காத துணைவருக்கான ஆஸ்திரேலிய விசா: நீடித்த உறவை எப்படிக் காட்டுவது?

தாலி கட்டவில்லை, பதிவு அலுவலகத்திலும் கையெழுத்துப் போடவில்லை, அப்படியிருந்தும் துணைவர் என்ற உரிமையில் விசா கேட்க முடியுமா என்று பாளையங்கோட்டையில் என் மொழிபெயர்ப்பு மேசைக்கு வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை கேட்கலாம். அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள ஒருவர், தாம் மணந்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் துணையை அங்கே அழைத்துக்கொள்வதற்கு அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகவே இடம் தருகிறது. ஆனால் மணமானவர்கள் ஒரு சான்றிதழை வைத்துத் தொடங்குகிற இடத்தில், இவர்கள் ஒரு கட்டுத் தாள்களை வைத்துத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது. உங்கள் வழக்குக்கே உரிய ஆலோசனையை அங்கே பதிவு பெற்ற குடியேற்ற முகவரிடமோ வழக்கறிஞரிடமோதான் பெற வேண்டும். உள்ளூரில் விசா வாங்கித் தருவதாகச் சொல்லும் எல்லோரும் அத்தகைய பதிவு உள்ளவர்கள் அல்லர்.

அந்நாட்டின் 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், 5சிபி என்னும் பிரிவில், இத்தகைய துணையை டி ஃபேக்டோ துணை என்று அழைக்கிறது. இருவரும் வேறு எவருக்கும் இடமில்லாத ஒரு கூட்டு வாழ்க்கைக்கு மனம் ஒப்பியிருக்க வேண்டும், உறவு உண்மையானதாகவும் இன்றும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும், ஒன்றாக வசிக்க வேண்டும் அல்லது பிரிந்து வசித்தாலும் அந்தப் பிரிவு நிரந்தரமானதாக இருக்கக் கூடாது, நெருங்கிய இரத்த உறவினராக இருக்கக் கூடாது என்பவை அப்பிரிவு வைக்கும் நிபந்தனைகள். ஆணும் பெண்ணுமா, ஒரே பாலினத்தவரா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. இரத்த உறவு என்றதும் நம் பக்கத்தில் ஒரு கலக்கம் எழுவது இயல்பு. ஏனெனில் இங்கே அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும்தான் முதல் உரிமை. சட்டம் விலக்குவது, ஒருவர் மற்றவரின் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருப்பதையும், இருவருக்கும் தாயோ தந்தையோ பொதுவாக இருப்பதையும் மட்டுமே. ஆகவே முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. இருவருடைய தாள்களிலும் ஒரே தாத்தாவின் பெயர் வந்தால் அதை மறைக்க முயலாமல், உறவுமுறையை ஓரிரு வரிகளில் எழுதிவிடுவதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு 309 என்ற தற்காலிக விசாவும் அதைத் தொடர்ந்து 100 என்ற நிரந்தர விசாவும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இருந்து விண்ணப்பிப்பவருக்கு அவை 820, 801 என்ற எண்களில் அமைகின்றன. இரண்டு கட்டங்களுக்கும் விண்ணப்பம் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். டி ஃபேக்டோ துணையாக விண்ணப்பிக்கும்போது இருவருக்கும் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பித்த நாளுக்கு முந்திய 12 மாதங்களும் அந்த உறவு நிலவியிருக்க வேண்டும். பலர் இடறி விழுவது இந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கில்தான். கல்லூரியில் பழகிய காலத்தையும், ஒருவர் அம்பாசமுத்திரத்திலும் மற்றவர் மெல்போர்னிலும் இருந்தபடி இரவெல்லாம் தொலைபேசியில் பேசிய காலத்தையும் சேர்த்து ஐந்து வருட உறவு என்று எழுதிவிடுகிறார்கள். காதலித்த காலமும் இணையவழிப் பழக்கமும் டி ஃபேக்டோ உறவாகக் கணக்கில் வராமல் போகலாம் என்று அந்நாட்டு உள்துறையே சொல்கிறது. இரு தனி வாழ்க்கைகள் ஒரே குடும்பமாக மாறிய நாள் எது என்பதை முதலில் நீங்கள் தீர்மானித்துக்கொண்டு, அந்த நாளுக்குப் பின் பன்னிரண்டு மாதங்கள் கழிந்தனவா என்று எண்ண வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு மாதமும் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிரிந்திருந்தால், ஏன் பிரிந்தோம், அந்த நாட்களில் குடும்பத்தை எப்படி நடத்தினோம், எப்போது மீண்டும் சேர்வோம் என்பதைத் தாள்களோடு காட்டினால் அது ஏற்கப்படக்கூடியதே. பன்னிரண்டு மாத விதிக்கு விலக்குகளும் உண்டு. அவற்றில் எளியது, உறவைப் பதிவு செய்யும் சட்டமுள்ள ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றில் பதிவு செய்துகொள்வது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து போன்றவற்றில் அத்தகைய சட்டம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடையாது. பதிவு செய்தால் காலக்கணக்கு மட்டுமே நீங்கும், உறவு உண்மையானது என்பதை அப்போதும் காட்டியாக வேண்டும்.

எதை வைத்து அதை அளக்கிறார்கள் என்பதை 1994ஆம் ஆண்டுக் குடிபெயர்வு ஒழுங்குவிதிகளில் 1.09ஏ என்னும் விதி சொல்கிறது. பணம், வீடு, ஊரார் அறிந்த நிலை, மனவுறுதி என்ற நான்கையும் அதிகாரி பார்த்தே ஆக வேண்டும். ஒன்றில் குறை இருந்தால் மற்றொன்று அதை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் எதைப் பற்றியும் எழுதாமல் விடக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, கூட்டு வங்கிக் கணக்கு இருந்தால் நல்லது. அதைத் திறக்க மணச்சான்று தேவையில்லை, எந்த இருவரும் திறக்கலாம். ஆனால் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு திறந்து, பத்தாயிரம் ரூபாயைப் போட்டுவிட்டு அசையாமல் வைத்திருக்கும் கணக்கைவிட, ஒருவருடைய தனிக் கணக்கிலிருந்து மற்றவருக்கு மாதந்தோறும் போன வாடகைப் பங்கும், மளிகைக் கடைக்கும் மின்கட்டணத்துக்கும் மாறி மாறிக் கட்டிய கூகுள் பே வரவுசெலவும் அதிகம் பேசும். வங்கிக் கணக்கில் ஒருவர் மற்றவரை நாமினியாகக் குறித்திருந்தால் அதன் ஒப்புகைத் தாளும், சேர்ந்து வாங்கிய கடனின் தாளும் சேரலாம்.

வீடு என்ற தலைப்பு இங்கே மிகவும் சிக்கலானது. வண்ணார்பேட்டையிலோ பெருமாள்புரத்திலோ வாடகைக்கு வீடு கேட்டால், குடும்பத்துக்குத்தான் கொடுப்போம் என்பதே வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை. அதனால் இருவரும் கணவன் மனைவி என்று சொல்லி வீடு பிடிக்கிறார்கள், பதினொரு மாத ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதப்படுகிறது; பிறகு மருத்துவமனைச் சீட்டிலும் கணவர் பெயர் என்ற இடத்தில் துணைவரின் பெயர் ஏறிவிடுகிறது. இந்தத் தாள்களை மொழிபெயர்த்து, மணமாகாதவர் என்று எழுதிய விண்ணப்பத்தோடு இணைத்தால், ஒன்றோடொன்று முரண்படும். அதற்காகத் தாளை ஒளிக்க வேண்டியதில்லை, திருத்தவே கூடாது. இந்த ஊரில் வீடு கிடைப்பதற்காக அப்படிச் சொன்னோம், சட்டப்படி நாங்கள் மணந்துகொள்ளவில்லை என்று உறவு பற்றிய எழுத்து வாக்குமூலத்தில் நேராகச் சொல்லிவிட வேண்டும். சொல்லப்போனால், ஊராரிடம் கணவன் மனைவியாகவே இருவரும் தம்மைக் காட்டிக்கொண்டார்கள் என்பதற்கு அந்த ஒப்பந்தமே ஒரு சான்றாகிவிடுகிறது. ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்கள், அட்வான்ஸ் கொடுத்த வங்கிப் பதிவு, இருவர் பெயருக்கும் அதே முகவரியில் வந்த பார்சல் ரசீதுகள், சிலிண்டர் பில், ஆதாரில் மாற்றிய முகவரி, வீட்டுக்காரரின் கையெழுத்துக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு அதை ஈடுகட்டலாம். யார் சமைத்தார், யார் துணி துவைத்தார் என்பதையும் விதி கேட்கிறது. அதற்குத் தாள் இருக்காது, வாக்குமூலத்தில்தான் எழுத வேண்டும்.

ஊரார் அறிந்த நிலைக்கு நம் பக்கத்தில் சில நல்ல தாள்கள் உண்டு. பலர் அவற்றைச் சான்றென்றே எண்ணுவதில்லை. ஒரு முறை ஒரு பெண் தன் தோழியின் திருமண மொய் நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வந்திருந்தார். நீலக் கோட்டுத் தாளில், பால்பாயிண்ட் பேனாவால், அவர் பெயரும் துணைவர் பெயரும் ஒரே வரியில், ஊர் பெயரோடு, 1001 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் அந்த வீட்டுப் பெரியவர். விசாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறர் தம் காரியத்துக்காக எழுதி வைத்த தாளுக்கே மதிப்பு அதிகம். இருவர் பெயரும் எழுதிய அழைப்பிதழ் உறை, இருவரும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் நெல்லை எக்ஸ்பிரஸில் போய்வந்த பயணச்சீட்டு, ஆனித் தேரோட்டத்தில் நண்பர்களோடு எடுத்த படம் ஆகியவையும் அவ்வகையே. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வாங்கும்போது உங்கள் இருவரையும் ஒரு தலைக்கட்டாக வைத்து ரசீது போட்டிருந்தால் அது அபூர்வமான சான்று. மணமாகாதவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. இவற்றோடு, உங்கள் இருவரையும் நன்கு அறிந்த, பதினெட்டு வயது நிறைந்த இருவராவது படிவம் 888இல் உறுதிமொழி தர வேண்டும். பெரும்பாலும் ஆஸ்திரேலியக் குடிமக்களோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களோ இதைத் தருகிறார்கள். இவர்கள் நல்லவர்கள், ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்ற பொதுச்சொற்களால் பயனில்லை. எந்த மாதம் எந்த வீட்டுக்குப் போனேன், அங்கே என்ன பார்த்தேன் என்று எழுதினால்தான் படிப்பவருக்கு உறைக்கும்.

வீட்டாருக்கே தெரியாமல் வாழ்கிறவர்கள் என்ன செய்வது? சாதி மாறிப் பழகுவதே உயிருக்கு ஆபத்தாக முடிந்த சம்பவங்கள் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. அங்கே இருவர் சேர்ந்து நின்று எடுத்த குடும்பப் படத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. யாரிடம் மறைத்தோம், ஏன் மறைத்தோம், யாருக்கு மட்டும் தெரியும் என்பதை விளக்கி எழுதி, தெரிந்த அந்த இரண்டு மூன்று நண்பர்களின் வாக்குமூலத்தை இணைக்க வேண்டும். விளக்கம் இல்லாத வெற்றிடம் ஐயத்தை உண்டாக்கும், காரணம் எழுதிய வெற்றிடத்தை அதிகாரி எடைபோட முடியும்.

மனவுறுதி என்பது உறவின் காலம், ஒருவருக்கொருவர் தந்த துணை, எதிர்காலத் திட்டம் ஆகியவற்றைக் குறிக்கிறது. நோயில் உடனிருந்த நாட்களின் மருத்துவமனைத் தாள் இதற்கு உதவும். வாட்ஸ்அப் உரையாடலை ஆயிரக்கணக்கான பக்கம் அச்செடுத்து அனுப்புவதைவிட, மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், தேதி தெரியும்படி, முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம்வரை பரவலாகத் தருவது நல்லது. எல்லாத் தாள்களுக்கும் இதே விதிதான். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இடையில் நான்கு மாதம் ஒரு தாளும் இல்லாமல் காலியாக இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தமிழ்த் தாள்கள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே செய்கிற மொழிபெயர்ப்பாளர் தம் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். இசக்கி என்ற பெயர் பாஸ்போர்ட்டில் ஆங்கில ‘ஐ’ எழுத்திலும் வங்கிப் புத்தகத்தில் ‘ஈ’ எழுத்திலும் தொடங்குவது நமக்கு வேடிக்கை. அங்கே அமர்ந்திருப்பவருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மொழிபெயர்ப்பு முழுவதும் எழுதி, மாறுபட்ட எழுத்துகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

முத்திரைத்தாளில் சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதி, முன்தேதியிட்டு நோட்டரி முத்திரை குத்தித் தர ஆள் இருக்கிறார்கள். அதன் பக்கம் போகாதீர்கள். பொய்த் தாளோ தவறான தகவலோ கொடுத்தது தெரியவந்தால் விசா மறுக்கப்படும், அதற்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலான விசாக்களும் கிடைக்காமல் போகலாம். அடையாளத்தில் பொய் சொன்னால் பத்து ஆண்டுகள்.

இவ்வளவு பாடுபடுவதைவிட மணந்துகொண்டால் என்ன என்று கேட்பீர்கள். முடிந்தவர்களுக்கு அதுவே சுருக்கமான வழி என்பது என் எண்ணமும். மணமானவர்களுக்குப் பன்னிரண்டு மாத விதி கிடையாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்புக்கு அஞ்சும் இந்துக்கள், 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒரே பாலினத் துணைவர்களுக்கு அந்த வழி இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. முந்தைய மணத்தின் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருப்பவருக்கும் இல்லை. அத்தகையவர் டி ஃபேக்டோ துணையாக விண்ணப்பிக்க முடியும், முந்தைய துணையிடமிருந்து நிரந்தரமாகப் பிரிந்துவிட்டதைக் காட்ட வேண்டும்.

கட்டணம் ஒன்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆதலால் தாள்கள் நிறையும்வரை இரண்டு மாதம் பொறுப்பது நஷ்டமல்ல. காவல்துறை நற்சான்றைத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தின் வழியாகப் பெறலாம். மறுப்பு வந்தால், கடிதத்தில் குறித்த நாளுக்குள், 2024 அக்டோபர் 14 முதல் செயல்படும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில், 309 விசாவுக்கு அங்குள்ள துணைவர் முறையிடலாம்.

விசா கிடைத்த பின்னும் தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும். விண்ணப்பித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தர விசாவுக்கான இரண்டாம் பரிசீலனை வரும்போது, இதே நான்கு தலைப்புகளில், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கான புதிய தாள்களைக் கேட்பார்கள்.