தோம்பு: காணிக் கணக்கில் ஒட்டிக்கொண்ட பறங்கிச் சொல்

யாழ்ப்பாணத்துக் காணி விவகாரம் எதையாவது பழைய காலம் வரை கிண்டிப் பார்த்தால் தோம்பு என்ற சொல் கட்டாயம் தட்டுப்படும், அரசு எழுதி வைத்த பழைய பதிவேடு என்று பொருள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொண்டுவந்தது என்றுதான் பலர் சொல்வார்கள். அவர்கள் எழுதிய தோம்புகள்தான் நிறையத் தப்பியிருக்கின்றன, அதனால் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் சொல் அவர்களுக்கு முந்தியது. போர்த்துக்கேய மொழியில் 'தொம்பு' என்றால் பதிவேடு. லிஸ்பனில் அரச ஆவணங்களைக் கோட்டைக் கோபுரம் ஒன்றில் வைத்திருந்தார்கள், அதற்குப் பெயரே 'தோரே தொ தொம்பு', பதிவேட்டுக் கோபுரம். 1755 நிலநடுக்கத்தோடு அந்தக் கோபுரம் போய்விட்டது, ஆனால் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு இன்றும் அதே பெயர்தான்.

1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் கடலோரத்தில் கோட்டை கட்டியதோடு நிற்கவில்லை, ஊர்களின் வரவையும் ஏட்டில் ஏற்றினார்கள். 1658 இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. சதுரமாக இருந்ததைப் பிறகு ஐங்கோணமாக்கினார்கள், சொல்லை மட்டும் மாற்றவில்லை. தோம்பில் வகைகள் கூடின. தலைத்தோம்பில் ஆட்களின் பெயர், அதாவது யார் தலைவரி கட்டவேண்டும், யாரைக் கட்டாய ஊழியத்துக்கு இழுக்கலாம் என்ற கணக்கு (அதில் பெயர் ஏறுவது ஒன்றும் பெருமையான விஷயம் இல்லை!). காணித்தோம்பில் நிலமும் உடையவரும். பள்ளிக்கூடங்களில் வைத்திருந்த தோம்பில் ஞானஸ்நானமும் கலியாணமும். சிங்களத்திலும் இதே சொல்தான், 'தோம்புவ'.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பொதுவாகப் பதிவேடு, தலைத்தோம்பைக் குடிப் பதிவேடு என்றும் காணித்தோம்பைக் காணிப் பதிவேடு என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் இராது. சோழர் கல்வெட்டுகளில் 'வரிப்பொத்தகம்' என்று அருமையான சொல் ஒன்று இருக்கிறது, வரி வாங்கத்தான் ஏடு என்பதை மறைக்காமல் சொல்கிறது. நாம் நாளாந்தம் புழங்கும் 'திணைக்களம்' கூட அதே கல்வெட்டுகளில் 'புரவுவரித் திணைக்களம்' என்று வருவதுதான், அதை எடுத்த நமக்கு இதை எடுப்பதில் என்ன தயக்கம்? இருந்தாலும் அந்தக் கால வரலாற்றை எழுதும்போது தோம்பு என்றே விடுங்கள், அப்போதுதான் எந்த ஏடு என்று தெரியும்.

அப்புறம், தோம்பும் காணி உறுதியும் ஒன்றில்லை. உறுதி, விற்பவரும் வாங்குபவரும் நொத்தாரிசு முன்னால் எழுதுவது. தோம்பு, அரசு தன் தேவைக்கு எழுதி வைத்துக்கொண்டது.