பொம்மை வைத்தால்தான் திறக்கும் கதவு: வாங்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

ஜூலை, ஆகஸ்ட் என்றால் பிரான்சில் பள்ளி விடுமுறை. புதுச்சேரியில் அது சொந்தக்காரர்கள் வந்திறங்கும் காலம். சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்) இருக்கும் தெருக்களில் பெட்டியைப் பிரித்தால் சென்ட், சாக்லேட்டோடு, அங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒதுக்கிப் போட்ட கேம்களும் வெளியே வரும். அதற்கு அடுத்த மாதங்களில், குழந்தைகள் மனநல ஆலோசனைக்கு என்னிடம் வரும் பெற்றோர் சிலர் ஒரே மாதிரி கேட்பார்கள்: "ஒரு பொம்மை வாங்கிக் குடுத்தா அடுத்ததைக் கேக்குறான் மேடம். அடிமையாயிட்டானா?"

அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஸ்கைலேண்டர்ஸ். ஆக்டிவிஷன் நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த, பொம்மைகளோடு சேர்ந்த வீடியோ கேம் வரிசை இது. கடைசிப் பெரிய பாகம் 2016-இல் வந்தது. நான் இங்கே பேசப் போவது 2012-இல் வந்த இரண்டாம் பாகமான ஜெயன்ட்ஸ் பற்றி. இந்த வகை கேம்களின் நல்லதும் கெட்டதும் அதில் பளிச்சென்று தெரியும்.

விளையாட்டு முறை எளிது. போர்ட்டல் என்ற வட்ட மேடையின் மேல் பொம்மையை வைத்தால், அந்தப் பாத்திரம் டிவிக்குள் வந்துவிடும். பொம்மையின் அடிப்பாகத்தில் சிறிய சிப் இருக்கிறது. பேட்டரி கிடையாது, மேடையிலிருந்து வரும் அலையே அதற்குப் போதும். குழந்தை சேர்த்த காசு, ஏறிய லெவல், வைத்த செல்லப் பெயர் எல்லாம் அந்தச் சிப்பில்தான் பதிகின்றன. பொம்மையை நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போனால் லெவலும் கூடவே போகும்.

இரண்டாம் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, முதல் பாகத்துப் பொம்மைகளை அது ஒதுக்கவில்லை என்பது. பழைய பொம்மை ஏறியிருந்த லெவலோடு அப்படியே உள்ளே வரும். பத்தோடு நின்றிருந்த லெவல் வரம்பும் பதினைந்தானது. "புதுசு வந்துடுச்சு, பழசைத் தூக்கிப் போடு" என்று குழந்தையிடம் சொல்லாத பொருட்கள் இன்று குறைவு. ஆனால் தலைகீழாகச் செய்தால் நடக்காது. ஜெயன்ட்ஸில் புதிதாக வந்த பெரிய பொம்மைகளான பூதங்களை முதல் பாகத்தில் வைத்தால் வேலை செய்யாது. தவறான வட்டு கையில் இருக்கும் வீட்டில் "பொம்மை கெட்டுப்போச்சு" என்று ஒரு அழுகை நிச்சயம்.

இன்னொரு நல்ல விஷயம், ஒரே திரையில் இரண்டு பேர் ஆடலாம், இணையம் தேவையில்லை. முகம் தெரியாத யாரோடும் பேச வேண்டியதில்லை. அண்ணனும் தங்கையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இதை வை, நான் அதை வைக்கிறேன்" என்று பேசித்தான் ஆக வேண்டும். ஒருவர் முன்னே ஓடிவிட முடியாது, இருவரும் ஒரே திரைக்குள் நிற்க வேண்டும். அதில் சண்டையும் வரும். தனியாகப் போனுக்குள் மூழ்குவதைவிட அந்தச் சண்டை எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

விளையாட்டாகப் பார்த்தால் குறைகள் உண்டு. பாத்திரங்கள் குதிக்காது, அந்த வசதி 2013-இல் வந்த மூன்றாம் பாகமான ஸ்வாப் ஃபோர்ஸில்தான் கிடைத்தது. முதல் பாகம் ஆடிய பிள்ளைகளுக்குப் பல இடங்கள் ஏற்கெனவே பார்த்தது போலிருக்கும். இதெல்லாம் சின்னக் குறைகள். பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு.

பாத்திரங்கள் எட்டு வகை: நெருப்பு, நீர், மண், காற்று, உயிர், மந்திரம், தொழில்நுட்பம், மரணமற்றோர். வழியில் சில கதவுகள் வரும். அந்தந்த வகைப் பொம்மை இருந்தால்தான் அவை திறக்கும், இல்லாவிட்டால் குழந்தை வெளியே நிற்க வேண்டும். சில இடங்களில், வீட்டில் இல்லாத பாத்திரத்தின் ரத்தினம் கையில் கிடைக்கும், உடனே அந்தப் பாத்திரம் என்னென்ன செய்யும் என்று ஒரு சின்னப் படம் ஓடும். அது விளம்பரம்தான், ஆனால் விளையாட்டில் ஜெயித்ததற்குப் பரிசு போல வருகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். போதாததற்கு, அடி வாங்கி விழுந்த பாத்திரத்துக்குப் பதில் வேறொன்றை வைக்க வேண்டும், ஆக பொம்மை அதிகம் உள்ளவனுக்கு உயிரும் அதிகம்.

என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு கணக்கு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஜெயன்ட்ஸ் தொடக்கப் பெட்டியில் மூன்று பொம்மைகள்: ட்ரீ ரெக்ஸ் (உயிர்), ஜெட்-வேக் (காற்று), சிண்டர் (மரணமற்றோர்). கதையை முடிக்க இந்த மூன்றே போதும். பூதங்கள் மொத்தம் எட்டு. ஆனால் பூதம் மட்டுமே திறக்கும் பெட்டிகளையும் உடைக்கும் சுவர்களையும் ட்ரீ ரெக்ஸ் ஒன்றே பார்த்துக்கொள்ளும். எல்லாக் கதவும் திறக்க வேண்டுமென்றால் மீதி ஐந்து வகைக்கு ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். அதிலும் முதல் பாகத்துப் பொம்மை ஏதாவது வீட்டில் இருந்தால் இன்னும் குறையும். "எல்லாம் வேணும்" என்று வந்த பையன், "நெருப்பும் தண்ணியும் இருந்தா போதும்" என்று தானே சொல்லிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் பெரியவர் போட்டால் அது மறுப்பு. பிள்ளை போட்டால் அது அவன் முடிவு.

இந்தப் பொம்மையை மதிப்பெண்ணுக்குப் பரிசாக வைக்காதீர்கள். காலாண்டுக்கு ஒன்று, அரையாண்டுக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் படிப்பும் இன்னொரு பூட்டிய கதவாகிவிடும்.

அப்புறம், வீடுகளில் அதிகம் நடப்பது இது. பெரியவன் விளையாடுவதில்லையே என்று அம்மா ஒரு பொம்மையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடுவார். அவருக்கு அது பிளாஸ்டிக். அவனுக்கு அதற்குள் ஒரு கோடை விடுமுறையே இருக்கிறது. தம்பி மெனுவில் எதையோ அழுத்தி லெவலை அழித்துவிட்டாலும் இதே கதைதான். "போனா போகுது, வேற வாங்கிக்கலாம்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது, புதிதாக வருவது முதல் லெவலில்தானே இருக்கும். கொடுப்பதற்கும் அழிப்பதற்கும் முன் கேளுங்கள்.

சரி, அடிமையா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, கேமிங் கோளாறுக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், பாதிப்பு தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, படிப்பு, குடும்பம், நட்பைக் கணிசமாகக் கெடுத்திருக்க வேண்டும். கடையில் பொம்மை கேட்டு அடம்பிடிப்பது இதில் சேராது. ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் பொருளை உடைக்கிறான், சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன, மாலையில் கூட்டாளிகளைத் தேடுவதே இல்லை என்றால் பன்னிரண்டு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் ஆலோசனைக்கு வாருங்கள்.

இந்த வரிசையில் புதிய பொம்மைகள் வருவது நின்றுவிட்டதால் இனி கிடைப்பது பெரும்பாலும் பழையதுதான். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ இணையத்திலோ பார்த்தால், முதலில் போர்ட்டலைக் கவனியுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவிக்கு அதற்கென்று உள்ள போர்ட்டல்தான் வேண்டும். பொம்மைகளுக்கு அந்தப் பேதம் இல்லை. பேட்டரி போடும் வகைப் போர்ட்டல் என்றால் மூடியைத் திறந்து தகட்டில் துரு இருக்கிறதா பாருங்கள், நம் கடற்காற்று பொல்லாதது. ஸ்வாப் ஃபோர்ஸ் பொம்மைகள் இடுப்பில் இரண்டாகப் பிரியும், காந்தம் வைத்து ஒட்டும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவிலுள்ள சதையை நசுக்கி ஓட்டையாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.