மல்டிடிசிப்ளினரி ஆர்ட்டிஸ்ட் – பல்துறைக் கலைஞர்

ஓவியர், சிற்பி, கவிஞர் என்று ஒரே பெயருக்குள் அடங்காதவரைக் கலைக்கண்காட்சிக் குறிப்புகள் இப்படி அழைக்கின்றன. தமிழில் இதைச் சிலர் 'பல்கலை வித்தகர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. இங்கே பேசப்படுவது வித்தகமே அல்ல. எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொல்ல ஒரு கலை போதாமல் பல கலைகளுக்குள் போகிறவர் என்பதுதான் பொருள்.

'மல்டி' என்பது லத்தீனில் 'பல'. 'டிசிப்ளின்' என்பதன் வேர், மாணவரைக் குறிக்கும் 'டிஸிபுலுஸ்'. ஆசிரியரிடம் பெறும் பயிற்சியைக் குறித்த சொல் அப்புறம் கற்கும் அறிவுப்பிரிவுக்கும் பெயரானது. பள்ளிக்கூடத்தில் நாம் கேட்டு வளர்ந்த 'டிசிப்ளின்', அதாவது ஒழுக்கம், இதே வேரின் இன்னொரு கிளை.

சிலி நாட்டில் 1948-இல் பிறந்த செசிலியா விகூஞாவைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். கவிதை, சிற்பம், திரைப்படம், நிகழ்த்துகலை எல்லாம் அவரிடம் உண்டு. 1966-இல் கொன்கொன் கடற்கரையில் ஒதுங்கிய குச்சி, இறகு, குப்பைகளைக் கோத்துச் சின்னஞ்சிறு உருவங்கள் செய்தார். அலை வந்து கொண்டுபோகட்டும் என்று அங்கேயே விட்டார். ஆண்டிஸ் மலை மக்கள் கணக்கையும் செய்தியையும் 'கீப்பு' என்ற முடிச்சுக் கயிறுகளில் பதிந்து வைத்தவர்கள். கெச்சுவா மொழியில் கீப்பு என்றாலே முடிச்சு. அவற்றை அழிக்கச் சொல்லி 1583-இல் பெரு நாட்டின் லிமாவில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபை மன்றம் ஆணையிட்டது. அந்தக் கயிற்றைத்தான் விகூஞா திரும்பக் கையில் எடுத்தார். 2022-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில், நூற்காத கம்பளி, நார், தேம்ஸ் கரையில் பொறுக்கிய பொருள்கள் கொண்டு, 27 மீட்டர் நீளமுள்ள இரண்டு கீப்புகளைத் தொங்கவிட்டார். எலும்பு வெளுப்பில், பட்டுப்போன காடு போல. கூடவே பாட்டும் குரல்களும். காடழிப்புக்கான அந்தத் துக்கத்தைச் சிற்பம் என்று மட்டும் சொன்னால் பாட்டு விடுபடும். இசை என்றால் கயிறு விடுபடும்.

டிசிப்ளினுக்குத் தமிழில் 'துறை' என்ற சொல் மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆற்றில் இறங்கும் இடம் துறை. புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணையும் துறையும் குறித்திருப்பார்கள். அங்கே அது பாடுபொருளின் பிரிவு. இன்று வேளாண்மைத் துறை, தமிழ்த் துறை என்கிறோம். குளிக்க ஒரு துறை, துவைக்க ஒரு துறை, ஓடம் ஏற ஒரு துறை என்று இருந்தாலும் ஆறு ஒன்றுதானே! 'பிரிவு' என்ற சொல்லில் வெட்டு தெரிகிறது; 'துறை'யில் நீரோட்டம் அறுவதில்லை. ஆகவே பல்துறைக் கலைஞர் என்பதே என் தேர்வு.

'இன்டர்டிசிப்ளினரி' என்பதையும் இதே சொல்லால் எழுதிவிடக் கூடாது. துறைகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும்போது 'துறையிடை' என்பது சரி. கவிதை நூல் தனியாகவும் படம் தனியாகவும் வரும்போது விகூஞா பல்துறைக் கலைஞர். கயிறும் பாட்டும் ஒரே படைப்பாகும் அந்தக் கீப்பு, துறையிடைப் படைப்பு.