பழைய கிராஃபிக்ஸ் கார்டு எங்கே விரிசல் விடுகிறது?

"மைனிங்கில் ஓடிய கிராஃபிக்ஸ் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது. இரவு பகலாக ஓடி நைந்துபோயிருக்குமே, வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கையிலுள்ள பணத்துக்குள் கேமிங் கணினி சேர்க்க நினைப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். மைனிங் என்பது கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காகக் கார்டை இடைவிடாமல் கணக்குப் போடவைப்பது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டதும், அப்படி உழைத்த கார்டுகள் விற்பனைக்கு வந்து குவிந்தன. சந்தேகமும் கூடவே வந்தது.

கேமில் படம் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு என்பது தெரிந்ததுதான். 1920 x 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. ஆயிரக்கணக்கான கணக்கீட்டு அலகுகள் சேர்ந்து உழைத்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் பட்ஜெட்டில் பெரும்பங்கு இதற்கே போகிறது. பழையது வாங்கினால் நல்ல தொகை மிச்சமாவதும் இதில்தான்.

சரி, ஓடி ஓடி எது தேய்கிறது? கார்டின் மூளையான சில்லில் இருக்கும் நுண்ணிய மின்சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்களில் அசையும் பாகம் எதுவும் இல்லை. மின்னோட்டம் சில்லுக்குள் இருக்கும் உலோக அணுக்களை மெல்ல நகர்த்துவது உண்மைதான். ஆனால் பல ஆண்டு உழைப்புக்கு இடம் விட்டுத்தான் சில்லை வடிவமைக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டிய இடம் சில்லுக்கு அடியில் இருக்கிறது.

சில்லைக் கவிழ்த்து வைத்து, சால்டர் என்ற பற்றவைக்கும் உலோகக் கலவையின் நுண்ணிய குண்டுகளால் ஒரு சிறு பலகையோடு ஒட்டியிருப்பார்கள். சூடானால் இரண்டும் விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. ஒரு டிகிரி ஏறினால் சிலிக்கான் பத்து லட்சத்தில் 2.6 பங்கு நீளும். பலகை ஏறத்தாழ 15 பங்கு நீளும். 20 மில்லிமீட்டர் அகலச் சில்லை எடுத்துக்கொள்வோம். கேம் தொடங்கி 50 டிகிரி ஏறினால், நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள 10 மில்லிமீட்டரில் சிலிக்கான் 1.3 மைக்ரான் நீள்கிறது, பலகை 7.5 மைக்ரான் நீள்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட குண்டின் உயரமே சுமார் 100 மைக்ரான்தான். கேமை மூடினால் அதே குண்டு எதிர்ப்பக்கம் இழுபடும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அறுந்துவிடும் அல்லவா, அதேதான் இங்கும். இடைவெளியில் எப்பாக்சி பிசினை நிரப்பி இழுப்பைப் பகிர்ந்துவிடுவதால் ஆயுள் பன்மடங்கு கூடுகிறது. இழுப்பு மட்டும் முழுதாகப் போவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இன்று பரவலாகப் பயன்படும் ஈயமில்லாச் சால்டர் உருகத் தொடங்குவது சுமார் 217 டிகிரி செல்சியஸில், அதாவது தனிப்பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் கெல்வின் கணக்கில் 490-இல். 80 டிகிரியில் ஓடும் கார்டு 353 கெல்வினில் இருக்கிறது. உருகுநிலையில் 70 சதவீதத்தை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது! இரும்பை இதே விகிதத்துக்குச் சூடேற்றினால் ஆயிரம் டிகிரியில் தகதகவென்று ஒளிரும். கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும் சால்டர் உள்ளுக்குள் மெல்ல வழிந்து, வடிவம் மாறி, படிகத் துகள்கள் பருத்து, அவற்றின் ஓரங்கள் வழியே விரிசல் விடுகிறது.

இந்தச் சேதத்துக்குக் கணக்கு உண்டு. 1950-களில் காஃபின், மேன்சன் என்ற இரு பொறியாளர்கள், வெப்பம் ஏறி இறங்கும்போது உலோகங்கள் எப்படிச் சோர்கின்றன என்று தனித்தனியே ஆராய்ந்து ஒரே விதிக்கு வந்தார்கள். அதைச் சால்டருக்குப் பொருத்தினால், வெப்ப ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்கும்போது அது தாங்கும் சுற்றுகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. கணினி விளையாட்டு அவர்கள் கனவிலும் வந்திருக்காது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுவிட்டு நிதியைக் கையில் பிடித்துக்கொள்பவர்கள் இந்த விதியை ஒருமுறை படிக்க வேண்டும். உலோகச் சோர்வு போன்ற கவர்ச்சியில்லாத துறைகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவி இதை உலகுக்கே காட்டியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இணைப்புகள் விட்டுப்போயின. 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் செலவாக எழுதிக்கொண்டது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். மைனிங் கார்டு நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் ஓடியிருக்கும். மின்செலவைக் குறைக்க மின்னழுத்தத்தையும் குறைத்திருப்பார்கள். தினமும் நாலு தடவை கேம் போட்டு அணைத்த கார்டின் சால்டர் அதைவிட அதிகம் இழுபட்டிருக்கக்கூடும். "மைனிங்கா, வேண்டவே வேண்டாம்" என்பது ஆராயாத நம்பிக்கை. மைனிங் நிஜமாகவே தின்பது விசிறியின் பேரிங்கை. அடுத்தது மெமரிமேல் ஒட்டி அதன் சூட்டை வெளியே கடத்தும் வெப்பப் பட்டையை. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளின் மெமரி மைனிங்கில் 100 டிகிரியைத் தாண்டியது உண்டு. விசிறியையும் பட்டையையும் எளிதில் மாற்றிவிடலாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, செத்த கார்டை அடுப்பு ஓவனில் வைத்துச் "சரிசெய்து" விற்பவர்களுக்கு. ஓவனின் 200 டிகிரியில் சால்டர் உருகாது. விரிசலின் இரு பக்கமும் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ள, கார்டு கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் கார்டை முழுக்க ஆறவிட்டு இயக்கிப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டுங்கள். மறுபடி ஆறவிட்டு மறுபடி இயக்குங்கள். விரிசல் சில சமயம் சூட்டில் திறக்கும், சில சமயம் குளிரில் திறக்கும். ஒரே நிலையில் சோதித்தால் தப்பிவிடும். திரையில் நிறப் புள்ளிகள், கோடுகள் தோன்றினால் திரும்பி வந்துவிடுங்கள். சில்லின் சராசரி வெப்பத்துக்கும் அதன் மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட்டுக்கும் 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால், சில்லின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சரியாக ஒட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். அது சின்ன வேலைதான், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பிராசசர், ரேம் இரண்டையும் பழையதாக வாங்கத் தயங்க வேண்டாம். எஸ்எஸ்டி என்றால் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அதுவே பதிந்து வைத்திருக்கும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் கெப்பாசிட்டர்களில் இருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி. எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.