'ஐ' வந்தால் 'ஹீ' போடு என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு எதைப் பிரித்தாலும் இந்த வரி கண்ணில் படாமல் போவதில்லை: 'மை மதர் டோல்ட் மீ தட் ஹீ ஹாட் டு டேக் ஹிஸ் மெடிசின் வித் ஹிம்.' ஒருவர் பேசியதை இன்டைரக்ட் ஸ்பீச்சாக, அதாவது அயற்கூற்றாக, மாற்றச் சொன்ன கேள்வி இதுதான்: மை மதர் ஸெட் டு மீ, 'யூ மஸ்ட் டேக் யுவர் மெடிசின் வித் யூ.' அம்மா பிள்ளையிடம் மருந்தை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்கிறார். அதில் 'ஹீ' எங்கிருந்து வந்தார், அவர் யார் என்று கேட்டால், எழுதிய பிள்ளைக்கே தெரியவில்லை. 2 மார்க் போனது பெரிதில்லை. பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளை, தான் எழுதிய வாக்கியத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டியூஷன் போகிற பிள்ளை எதைக் கேட்டாலும் ஒரே ஃபார்முலா ஒப்பிக்கிறது: எஸ்.ஓ.என். மேற்கோளுக்குள் தன்மை என்றால் வெளியே இருக்கிற வினையின் சப்ஜெக்ட், முன்னிலை என்றால் அதன் ஆப்ஜெக்ட், படர்க்கை என்றால் நோ சேஞ்ச். கேட்க அழகாக இருக்கிறது. பாதிக் கேள்விக்கு விடையும் சரியாக வந்துவிடும். அதிலேயே திருப்தி அடைந்து, அதையும் சுருக்கி, "'ஐ' வந்தா 'ஹீ' போடு, 'யூ' வந்தா 'ஹிம்' போடு" என்று பலகையில் எழுதிப் போடுகிறோம். வினை அடைகிற மாற்றம், 'டுடே'க்கு 'தட் டே' போடுவது இதெல்லாம் பட்டியல் போட்டுப் படித்தால் வந்துவிடும், அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஐ, யூ, ஹீ போன்ற ப்ரோனவுன் மட்டும் பட்டியலுக்கு அடங்காது. இப்போது அந்தச் சொல்லை யார் வாயால், யார் காதுக்குச் சொல்கிறோம் என்பதை வைத்தே அது மாறும். சில இடத்தில் மாறாமலே நிற்கும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளில் கலரை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்ட்டும் மணலும் போட்டு அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஒருவர் கல் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிட்டார். பட்டறை முதலாளி அவரிடம் சொல்கிறார்: 'ஐ வில் ஸெண்ட் யுவர் டைல்ஸ்.' ஐந்தே சொல். இனி இது நான்கு இடத்துக்குப் போகிறது.

அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் காதில் விழவில்லை, கூட வந்த கைடு அவரிடமே திருப்பிச் சொல்கிறார்: 'ஹீ ஸெட் ஹீ வுட் ஸெண்ட் யுவர் டைல்ஸ்.' பாருங்கள், 'யுவர்' அப்படியே நிற்கிறது. கேட்டவரும் அவரே, இப்போது கேட்கிறவரும் அவரே. அதே பெண் ராத்திரி வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னால்: 'ஹீ ஸெட் ஹீ வுட் ஸெண்ட் மை டைல்ஸ்.' கைடு போய் லாரி ஆபீஸில் சொன்னால்: 'ஹீ ஸெட் ஹீ வுட் ஸெண்ட் ஹர் டைல்ஸ்.' முதலாளியே தன் கணக்குப்பிள்ளையிடம் சொன்னால்: 'ஐ டோல்ட் ஹர் ஐ வுட் ஸெண்ட் ஹர் டைல்ஸ்.' அங்கே 'ஐ'யும் மாறவில்லை. சொன்னது ஒரே பேச்சு. 'யுவர்' ஓரிடத்தில் 'யுவர்', ஓரிடத்தில் 'மை', மற்ற இரண்டில் 'ஹர்'. மூன்று இடத்தில் 'ஐ' 'ஹீ' ஆனாலும், 'யுவர்' என்ன ஆகும் என்று 'ஐ வந்தா ஹீ' என்ற பாட்டு சொல்லுமா?

ஆகவே பேனாவைத் தொடும் முன் மூன்று பேரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதலில் பேசியவர் யார், யாரிடம் பேசினார், இப்போது அதை எடுத்துச் சொல்கிறவர் யார். தேர்வுத்தாளில் மூன்றாவது ஆள் ஒளிந்திருப்பார். மேற்கோளுக்கு வெளியே 'மீ', 'மை', 'அஸ்' என்று ஏதாவது இருந்தால் எடுத்துச் சொல்கிறவர் கதைக்குள்ளேயே நிற்கிறார் என்று பொருள். அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாலே மருந்துக் கேள்வி விளங்கிவிடும். 'யூ' என்று அம்மா சொன்னது யாரை? என்னை. அப்படியானால் 'ஐ'.

அங்கேதான் அடுத்த வழுக்கல். 'ஆப்ஜெக்ட் போடு' என்ற பேச்சை நம்பிய பிள்ளை, வெளியே இருக்கிற 'மீ'யைப் பெயர்த்து அப்படியே உள்ளே வைக்கிறது: 'தட் மீ ஹாட் டு டேக்.' ஆள் யார் என்பதைத்தான் வெளியே பார்த்து எடுக்க வேண்டும்; உருவம் உள்ளே அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பொறுத்தது. மருந்துக் கேள்வியில் மூன்று இடம் இருக்கிறது. வினைக்கு முன் நிற்கும் 'யூ' 'ஐ' ஆகும், 'யுவர்' 'மை' ஆகும், 'வித்'துக்குப் பின் வரும் 'யூ' 'மீ' ஆகும்: 'மை மதர் டோல்ட் மீ தட் ஐ ஹாட் டு டேக் மை மெடிசின் வித் மீ.' ஹீ, ஹிஸ், ஹிம், ஹிம்செல்ஃப். ஷீ, ஹர், ஹர், ஹர்செல்ஃப் என்ற வரிசை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். அது வராத பிள்ளைக்கு இன்டைரக்ட் ஸ்பீச் ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

'படர்க்கை என்றால் மாறாது' என்பதும் முழு உண்மை இல்லை. அழகப்பன் உமையாளிடம் என்னைப் பற்றி 'ஹீ இஸ் லேட்' என்று சொன்னதை நான் எடுத்துச் சொன்னால், 'அழகப்பன் டோல்ட் உமையாள் தட் ஐ வாஸ் லேட்' என்றுதான் வரும். தேர்வில் இந்தச் சூழலைத் தருவதில்லை என்பதால் அங்கே 'ஹீ' 'ஹீ'யாகவே இருக்கட்டும். ஆனால் அது விதி என்று மட்டும் பிள்ளை மனதில் பதிக்காதீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, கைடு புத்தகங்களில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இங்கே பெரியவர்கள் எல்லோரும் 'அவுக'. அப்பச்சி வந்தாக, ஆச்சி சொன்னாக, டீச்சர் கேட்டாக. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று அந்தச் சொல் காட்டுவதில்லை. மரியாதையை மட்டும் காட்டுகிறது. எழுத்துத் தமிழின் 'அவர்' என்பதும் ஆண் பெண் காட்டாது. இந்த வாய்ப்பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை ஆச்சிக்கு 'ஹீ' போடுகிறது, மரியாதை கருதி அப்பச்சிக்கு 'தே' போடுகிறது. அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். ஆங்கிலத்தில் 'ஷீ' என்றால் மரியாதைக் குறைவு கிடையாது என்று ஒரு தடவை உட்காரவைத்துச் சொன்னால் போதும். கேள்வியில் 'த டீச்சர்' என்று மட்டும் இருந்தால் ஹீயோ ஷீயோ ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். 'ஹீ வுட் கிவ் ஹர் நோட்ஸ்' என்று பாதியில் தாவினால் வேறு யாரோ ஒரு பெண்ணின் நோட்ஸ் என்றாகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் 'என்று'. 'முத்து நாளைக்கு வர்றேன்னு சொன்னான்' என்கிறோம். வர்றேன் என்பது தன்மை வினை, சொன்னான் என்பது படர்க்கை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் இருக்கும், ஏனென்றால் 'ன்னு' முன்னால் இருப்பதை முத்துவின் வாய்ச்சொல்லாகவே பிடித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'தட்'டுக்கு அந்த வேலை தெரியாது. 'முத்து ஸெட் தட் ஐ வுட் கம்' என்றால் வரப்போவது நான். ஆத்தங்குடிக் கைடு 'த ஓனர் ஸெட் தட் ஐ வில் ஸெண்ட் யுவர் டைல்ஸ்' என்று சொல்லிவிட்டால், கல் வராதபோது அந்தப் பெண் போன் போடப்போவது கைடுக்குத்தான். அவர் மேல் தப்பில்லை.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'தான்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். 'தான் வருவதாக முத்து சொன்னான்', 'தன் சாவி தொலைந்துவிட்டதாகச் செல்வத்திடம் முத்து சொன்னான்.' முதலில் இப்படி அயற்கூற்றாகத் தமிழில் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு விடுங்கள். தான், தன் வந்த இடமெல்லாம் பேசியவருக்குரிய ஹீ, ஹிஸ், ஷீ, ஹர். பேசியவர் நானே என்றால் தமிழில் நான், என்; ஆங்கிலத்தில் ஐ, மை. ஆங்கிலத்தில் 'தன்' கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். 'முத்து டோல்ட் செல்வம் தட் ஹீ ஹாட் லாஸ்ட் ஹிஸ் கீ' என்றால் தொலைத்தது யார், யாருடைய சாவி என்று வாக்கியத்தில் இல்லை. தேர்வில் அது ஓடிவிடும். நடைமுறையில் பேரையே திருப்பிச் சொல்வதுதான் நல்லது: சாவி செல்வத்தினுடையது என்றால் 'செல்வம்ஸ் கீ'.

'வீ' வந்தால் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலக்காரரைவிட வசதி அதிகம், அதை வீணாக்குகிறோம். நமக்கு நாம வேறு, நாங்க வேறு. வள்ளி என்னிடம் 'வீ மஸ்ட் லீவ்' என்கிறாள். 'நாம கிளம்பணும்' என்ற பொருள் என்றால் நானும் சேர்த்தி. 'வள்ளி டோல்ட் மீ தட் வீ ஹாட் டு லீவ்.' 'நாங்க கிளம்பணும்' என்றால் நான் இல்லை. 'தே ஹாட் டு லீவ்.' நாமவா நாங்கவா என்று கேட்டுப் பழக்கினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் 'வீ'க்கு 'ஷீ' எழுதுவதை மன்னிக்க முடியாது. பேசியவள் ஒருத்தி என்றாலும் அவள் சொன்னது பலரை; எண்ணிக்கை குறையக்கூடாது.

யாரையும் குறிக்காத 'யூ' ஒன்றும் உண்டு. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல்கிற ஆச்சி, டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்துக் காட்டி, 'யூ ஹீப் த தால் ஆன் டாப்' என்கிறார். எதிரே நிற்பவர் ஒருவருக்கான கட்டளை அல்ல அது, யார் செய்தாலும் அதுதான் அளவு. எடுத்துச் சொல்லும்போதும் 'ஷீ ஸெட் யூ ஹீப் த தால் ஆன் டாப்' என்று 'யூ'வாகவே விட வேண்டும். அதை 'ஐ' ஆக்கினால் நான் ஒருவன் மட்டும் அப்படிச் செய்கிறேன் என்றாகும்.

கேட்டவர் யாரென்றே தராத கேள்வியும் வரும்: ஹீ ஸெட், 'யூ ஆர் லேட்.' முழிக்க வேண்டாம். கேட்டவரை விடையிலேயே வைத்துவிடுங்கள்: 'ஹீ டோல்ட் மீ தட் ஐ வாஸ் லேட்.' வெளியே 'மீ', உள்ளே 'ஐ', இரண்டும் ஒத்துப்போனால் விடைத்தாள் திருத்துகிறவருக்கு மறுக்க இடமில்லை.

ஆசிரியர்களே, டியூஷன் அண்ணன் அக்காமாரே, எஸ்.ஓ.என். சொல்லித்தருவதானால் கடைசியில் தாருங்கள், முதல் நாளில் வேண்டாம். முதல் நாள் மூன்று பிள்ளைகளை எழுப்பி நிறுத்துங்கள். ஒருவர் அடுத்தவரிடம் 'ஐ ஹாவ் யுவர் பென்' என்று சொல்லட்டும். மூன்றாமவர் அதை ஒரு தடவை பேசியவரிடமே சொல்லட்டும்: 'யூ ஸெட் யூ ஹாட்...' ஒரு தடவை கேட்டவரிடம், ஒரு தடவை உங்களிடம். பிறகு இடம் மாற்றி நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஆகும், நோட்டே வேண்டாம். வீட்டில் படிக்கவைக்கிற அம்மாக்களும் முற்றத்தில் மூன்று பேரை வைத்து இதைச் செய்யலாம்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் விருந்தாளிகளை அழைத்துப் போகிற தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. பணம், தேதி, சாமான் பற்றிய பேச்சில் ஹீ, ஷீ போட்டு ஓட்டாதீர்கள். 'த ஓனர் வில் ஸெண்ட் இட், நாட் மீ' என்று ஆளைச் சொல்லி நிறுத்துங்கள். பிறகு விருந்தாளியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'ஸோ ஹீ வில் ஸெண்ட் மை டைல்ஸ்' என்று அவர் வாயில் வந்துவிட்டால் சரி, அடுத்த வீட்டுக்குப் போகலாம்.