புறா ஏன் சுற்றிச் சுற்றி வந்தது?

கிரிக்கெட் ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் இடம் மாறக் கூடாது. ஒருமுறை நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்து விக்கெட் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கடைசி ஓவர் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு மூடநம்பிக்கை என்று பெயர். சொல்லுக்குள்ளேயே மூடன் இருப்பதால், ஏதோ விவரமில்லாதவர்கள் சங்கதி என்று தோன்றிவிடுகிறது. புறாக்கள் சொல்லும் கதை வேறு.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த 8 புறாக்களைத் தனித்தனியாகக் கூண்டில் விட்டுப் பார்த்தார். 15 நொடிக்கு ஒருமுறை தீனி தானாக வரும். புறா சும்மா நின்றாலும் வரும். ஆனால் 6 புறாக்கள் சும்மா நிற்கவில்லை. ஒன்று இடப்பக்கமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு, ஊசல் போல ஆடின.

ஸ்கின்னர் தந்த விளக்கம் இது: தீனி வந்த கணத்தில் புறா தற்செயலாகத் தலையை ஆட்டியிருக்கும். அதனால் மறுபடி ஆட்டும். அடிக்கடி ஆட்டினால், அடுத்த தீனி வரும்போதும் தலை ஆடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். சடங்கு பிடித்துக்கொண்டது. அப்புறம் துள்ளலையே சடங்காக்கிக்கொண்ட ஒரு புறாவுக்குத் தீனியையே நிறுத்தினார். அது தன் துள்ளலை விடுவதற்குள் 10,000 தடவைக்கு மேல் துள்ளித் தீர்த்தது.

1971-இல் ஸ்டாடன், சிம்மெல்ஹாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பல அசைவுகள், தீனிக்குக் காத்திருக்கும் எந்தப் புறாவும் செய்பவைதான், தற்செயலாக ஒட்டிக்கொண்டவை அல்ல என்றார்கள். நியாயமான ஆட்சேபம்.

சரி, மனிதர்கள்? 1987-இல் ஜப்பானில் ஓனோ என்ற ஆய்வாளர் மாணவர்களை மூன்று நெம்புகோல்களுக்கு முன் உட்காரவைத்தார். மதிப்பெண் புள்ளிகள் அதுபாட்டுக்கு விழும். நெம்புகோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பலர் தங்களுக்கென்று ஒரு இழுக்கும் முறையைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு மாணவி அறையில் இருந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தார். கடைசியில் செருப்பைக் கையில் பிடித்து எகிறிக் கூரையைத் தட்டியபோது புள்ளி விழுந்தது. அவ்வளவுதான், களைத்துப்போகும்வரை எகிறிக்கொண்டே இருந்தார்.

ஆனால் எல்லா வேலைக்கும் நாம் சடங்கு தேடுவதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், நியூ கினி அருகே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கிய மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி இதைக் கவனித்தார். அமைதியான காயலில் மீன் நிச்சயம், ஆபத்தும் இல்லை. அங்கே மீனவர்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். எது நம் கையில் இல்லையோ அங்கேதான் மந்திரம் நுழைகிறது.

எங்கள் வீட்டிலும் முதல் ஓவரில் யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.