மக்னீசியம் விலகும் நேரம்

மூளையில் நினைவு எப்படிப் பதிகிறது? அந்தக் கதையை ஒரு கனவிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி, ஒருநாள் நடுராத்திரியில் விழித்துக் கனவில் தோன்றிய ஒரு சோதனையைத் துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் பார்த்தால் கையெழுத்து அவருக்கே புரியவில்லை, கனவும் நினைவில் இல்லை. அடுத்த இரவு அதே கனவு திரும்ப வந்தது. இந்த முறை நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்துக்கு மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தில் நிரப்பியிருந்த உப்புக் கரைசலை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது! நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் பேசுகிறது என்பது 1921-ல் இப்படித்தான் வெளியானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். மூளையில் கவனிக்கவும் கற்கவும் அது வேண்டும். அல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் செல்கள் பெருமளவில் அழிகின்றன.

ஆனால் நினைவு பதியும் இடத்தில் முக்கிய வேலை குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்குத்தான். இரண்டு நரம்பு செல்களுக்கு நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. குளூட்டமேட் அதைக் கடந்து, எதிர்ச்செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அவற்றில் என்எம்டிஏ என்ற ஏற்பியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. அதன் துளையை ஒரு மக்னீசியம் அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட மக்னீசியம் அணு, அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் ஒட்டினால் மட்டும் அது நகராது. அதே நேரத்தில் அந்தச் செல் ஏற்கெனவே நன்றாகத் தூண்டப்பட்டிருந்தால்தான் விலகி வழிவிடும்.

ஒரு முகத்தைப் பார்க்கும்போதே அவர் பெயரும் காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தகவலும் ஒரே செல்லை ஒரே நேரத்தில் தட்டுகின்றன. மக்னீசியம் விலகுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதைத் தொடர்ந்து அந்த இணைப்பில் ஆம்பா என்ற இன்னொரு வகை ஏற்பிகள் கூடுதலாக வந்து சேர்கின்றன. அப்புறம் அதே அளவு குளூட்டமேட் வந்தாலும் செல் முன்பைவிடப் பலமாகப் பதில் சொல்லும். இணைப்பு இப்படி வலுப்பெற்று நெடுநேரம் நீடிப்பதை, முயல் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-ல் விரிவாகக் காட்டினார்கள்.

குளூட்டமேட் சில மில்லி விநாடிகளில் இடைவெளியிலிருந்து அகற்றப்பட்டுவிடும். கூடுதல் ஏற்பிகள் தங்குகின்றன. அவை நாள்கணக்கில் நிலைக்க, செல் புதிய புரதங்களைத் தயாரிக்க வேண்டும். அந்தத் தயாரிப்பை மருந்தால் தடுத்துவிட்டால், சோதனை விலங்குகள் கற்றது சில மணி நேரம் மட்டும் நின்று, மறுநாள் இல்லாமல் போகிறது.